தூங்கா நகரத்தில் ரெண்டாம் ஆட்டம்

வெள்ளி, இரவு

தாம்பரத்தில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி, மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கீழே ஒரு குடும்பம் புளியோதரைப் பொட்டலம் பிரித்திருக்கிறது. பெட்டி முழுக்க நல்லெண்ணெய் வாசனை.

2001 முதல் 2004 வரை நான் படித்தது மதுரையில். விடுதி வாசம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதற்கு மேல் ஊர் எங்களுக்குச் சத்தமாக மட்டும்தான் வந்து சேரும். கோயில் கொட்டு, திருவிழாக் குழாய் ரேடியோ, கொத்து புரோட்டாக் கல்லில் கரண்டி விழும் தாளம், நடுராத்திரியில் ரெண்டாம் ஆட்டம் விட்டுப் போகிறவர்கள் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே நடக்கிற சத்தம். தூங்கா நகரம் என்று பேரெடுத்த ஊரில் மூன்று வருஷம் இருந்தும் அதன் ராத்திரியை ஒரு நாள்கூட நாங்கள் பார்த்ததில்லை.

விடுதியில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், ஊர்ப் பேர்தான். பக்கத்துக் கட்டில்காரி கம்பம். நான் விருத்தாசலம், சுருக்கி விருத்தா. வீட்டிலிருந்து வந்துபோகிற உள்ளூர்க்காரிக்கும் ஒரு பேர் வேண்டுமே, அவள் செல்லூர். இன்றைக்கும் செல்போனில் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறேன்.

செல்லூரின் அப்பா சினிமா தியேட்டரில் ஆபரேட்டர். திங்கட்கிழமை காலையில் முதல் மணி அடிப்பதற்குள் புதுப் படத்தின் கதையை அவள் காட்சி காட்சியாகச் சொல்லி முடித்துவிடுவாள். புரொஜக்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக அவள் பார்த்த படங்களை நாங்கள் அவள் வாய் வழியாகப் பார்த்தோம். சிலவற்றைப் பிற்பாடு டிவியில் பார்த்தபோது, அவள் சொன்ன படம்தான் நன்றாக இருந்தது என்று தோன்றியது.

இந்த முறை திட்டம் ஒன்றே ஒன்று. மூன்று பேரும் சேர்ந்து ரெண்டாம் ஆட்டம் பார்க்க வேண்டும். அப்பாவையும் கூட்டிப்போக வேண்டும். பிலிம் போய் டிஜிட்டல் வந்து, படப்பெட்டி வருவது நின்ற வருஷம் அவரும் வேலையை விட்டுவிட்டாராம். அதற்கப்புறம் எந்தத் தியேட்டர் வாசலையும் மிதிக்கவில்லை.

சனி, மத்தியானம்

விடிவதற்கு முன்பே மதுரை. கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் ஆரப்பாளையம் வந்து இறங்கிய கம்பத்தைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு செல்லூர் ஸ்டேஷன் வாசலுக்கே வந்திருந்தாள். மூன்று பேரும் ஒன்றாக நின்று ஒன்பது வருஷம் ஆகிறது. கடைசியாகச் சேர்ந்தது செல்லூர் மகளின் காதுகுத்தில். "என்னங்கடி, ரெண்டு பேருமே கண்ணாடி போட்டுட்டீங்க" என்றாள் செல்லூர். அவளும் போட்டிருந்தாள்.

டீ குடித்துவிட்டு எதிரே மேலவெளி வீதிக்குப் போனால், விக்டோரியா எட்வர்டு மன்றத்து வாசலில் அப்பா நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, கையில் மஞ்சள் பை. "வாங்க தாயி, ரயில்ல தூங்குனீகளா?" என்றார். ஊர் சுற்றிக் காட்டவென்றே வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார்.

அந்தக் கட்டடத்தில்தான் ரீகல் இருந்தது. பகலில் வாசகசாலை, சாயங்காலத்துக்கு மேல் சினிமா. "காலையில பேப்பர் படிச்ச எடத்துலயே ராத்திரி இங்கிலீஷ் படம் பாப்போம். பேப்பர்ல எழுத்துக் கூட்டிப் படிச்சேன், படத்துல ஒண்ணும் புரியாது. ஆனா வெளிச்சம் எப்படி விழுதுன்னு அங்கதான் பாத்துக்கிட்டே இருப்பேன்." நூலகத்தையும் சினிமாவையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருந்த இந்த ஊரின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

அங்கிருந்து மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி. மதுரையின் உள்ளே போகப் போக ஆவணி மூலம், சித்திரை, ஆடி என்று மாதங்களின் பேரில் வீதிகள் வரும். மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவில் மட்டும் மனிதர்களின் பேர். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது அந்த வேலையில் முன்னின்ற மாரெட்டும் பெருமாள் மேஸ்திரியும் தெருப் பேராக நிலைத்துவிட்டார்கள். விளக்குத்தூண் அந்தக் கலெக்டரின் நினைவாக நட்டது.

மேஸ்திரி வீதியில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கு முன்னால் அப்பா நின்றார். தங்கம் தியேட்டர் இருந்த இடம். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' படத்தோடு திறந்தது. சிவாஜிக்கு அது முதல் படம். 2,563 இருக்கைகள், ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று ஊரே பெருமை பேசியது. என் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் மதுரை வந்துபோனதைப் பற்றி இன்றுவரை சொல்வது ரெண்டே விஷயம்: மீனாட்சி அம்மன், தங்கம் தியேட்டர். கடைக் கண்ணாடிக்குள் பொம்மைகளுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா ரோட்டைக் கை காட்டி, "கூட்டம் விட்டுச்சுன்னா இங்கேருந்து அந்த முக்கு வரைக்கும் தலைதான் தெரியும்" என்றார். அவ்வளவுதான். மேலே ஒன்றும் சொல்லாமல் நடந்தார்.

அவருடைய முதல் வேலை ஆபரேட்டர் வேலையே இல்லை என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. பதினாறு வயதில் ரீல் தூக்குகிற பையன். ஒரு பிரிண்டை வாங்கி ரெண்டு தியேட்டரில் ஓட்டுவார்களாம். ஒன்றில் ஆட்டத்தை முக்கால் மணி நேரம் முந்தி ஆரம்பித்துவிடுவது. அங்கே ஓடி முடிந்த ரீல்களைச் சுற்றித் தகர டப்பாவில் போட்டுச் சைக்கிள் கேரியரில் கட்டி, அடுத்த தியேட்டரில் முந்தின ரீல் முடிவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிஷம் ஓடும். ரெண்டை ஒட்டினால் இருபத்திரண்டு. ஒரு படத்துக்கு ஏழெட்டுத் தடவை போக வர. "வழியில சாமி ஊர்வலம் வந்தா செத்தோம். சாமி மேலயும் கோபப்பட முடியாது, ஜனங்க மேலயும் கோபப்பட முடியாது. அங்க ஸ்கிரீன் வெள்ளையா நிக்கும், விசில் பறக்கும், வசவெல்லாம் நமக்கு." கம்பம் கணக்கு டீச்சர். நடந்துகொண்டே விரலை மடக்கி, ஒரு நாளைக்கு நாலு ஆட்டத்துக்கு எத்தனை மைல் மிதித்திருப்பார் என்று கணக்குப் போட்டாள். அவள் சொன்ன எண்ணைக் கேட்டு அப்பா ஒரு நிமிஷம் நின்று, "அவ்வளவா" என்றார்.

விளக்குத்தூண் பக்கத்தில் ஜிகர்தண்டா. கடல்பாசி, சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். கரண்டியால் கலக்கக் கூடாது, மேலிருந்து கீழே அடுக்கடுக்காகச் சாப்பிட வேண்டும் என்பது என் கட்சி. கம்பம் கலக்கிவிட்டாள். 1937-ல் வந்த 'சிந்தாமணி' படத்தின் லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி அதற்குச் சிந்தாமணி என்று பேர் வைத்த கதையை அப்பா அங்கே வைத்துச் சொன்னார். அதுவும் இப்போது இல்லை.

சனி, சாயங்காலம்

செல்லூர் வீடு. எதிர்ச் சந்தில் தறிச் சத்தம் ஒன்றுதான் கேட்கிறது. முன்பு தெரு முழுக்கக் கேட்குமாம்.

விருந்தாளிக்காக எந்த வேலையும் நிற்கவில்லை, அதுவே எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்குத் தண்ணீர் வரும் முறை. குழாயில் காற்று வரும் சத்தம் கேட்டதும் பேச்சைப் பாதியில் விட்டு மூன்று பேரும் குடத்தோடு ஓடினோம். ரெண்டு டிரம், எட்டுக் குடம், மொட்டை மாடித் தொட்டி. அப்புறம் அரிசி ஊறப்போட்டது நினைவுக்கு வந்து மாவாட்டினோம். கிரைண்டர் ஓடும்போது கத்திப் பேச வேண்டும் என்பதால் அந்தரங்கமான விஷயங்களை உளுந்து ஆடும் வரைக்கும் ஒத்திப்போட்டோம். மகளை டியூஷனில் விட்டது, மாமியாருக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டது, பக்கத்து வீட்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்தது, எல்லாம் பேச்சுக்கு நடுவில் நடந்தன. ஒன்பது வருஷக் கதையை உட்கார்ந்து பேசியிருந்தால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோயிருக்கும். கை வேலையோடு பேசியதால் அது நீண்டுகொண்டே போனது.

அயிரை மீன் குழம்பு வைத்தது செல்லூரின் அம்மா. உயிரோடு வாங்கிய மீனைத் தேங்காய்ப்பாலில் விட்டு அழுக்கைக் கக்கவைப்பார்கள். மண்சட்டியில் புளி தூக்கலாக. நான் மூன்று முறை சோறு வாங்கினேன்.

"நான் வரல தாயி, நீங்க போயிட்டு வாங்க" என்று அப்பா ஆரம்பித்தார். அம்மா அடுப்படியிலிருந்தே, "சட்டை தேச்சு வச்சிருக்கேன்" என்றார். சரி, முடிந்தது பேச்சு.

ஞாயிறு, விடியற்காலை மூன்று மணி

தூக்கம் வரவில்லை. ராத்திரியை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஊருக்குள் மிச்சமிருக்கும் பழைய ஒற்றைத் திரை ஒன்று. புதுப் படம் வந்து ரெண்டாம் வாரம், பாதிக் கூட்டம். அப்பாவை நடுவில் உட்கார வைத்தோம். உள்ளே நுழைந்ததும் அவர் திரையைப் பார்க்கவில்லை, திரும்பிப் பின்சுவரில் இருக்கிற சதுர ஓட்டையைப் பார்த்தார். விளக்கு அணைந்து வெளிச்சக் கம்பி தலைக்கு மேல் போனதும்தான் முன்னால் திரும்பினார்.

படம் சுமார். முதல் பாதியில் நாயகனின் அக்காவாக வந்தவர் அருமையாக நடித்தார், அவரைப் பாதியில் சாகடித்ததை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் நான் பாதி நேரம் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை அவர் உடம்பு தானாக நிமிர்ந்தது. கண் திரையின் வலது மேல் மூலைக்குப் போனது. என்னவென்று மெல்லக் கேட்டேன்.

"புள்ளி வரும்லத்தா. ரீல் முடியப் போகுதுன்னு மூலையில ஒரு புள்ளி மின்னும். முதப் புள்ளிக்கு அடுத்த மிசின் மோட்டாரைப் போடணும். ஏழெட்டு செகண்டுல ரெண்டாவது புள்ளி, அதுக்கு மாத்திறணும். ஜனங்களுக்கு மாத்துனதே தெரியக் கூடாது."

கார்பன் குச்சி காலத்தில் ரெண்டு குச்சிக்கும் நடுவே எரியும் நெருப்பைக் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். குச்சி கரையக் கரைய நெருக்கி வைக்க வேண்டும். கொஞ்சம் விட்டால் திரை மஞ்சளாகும், இன்னும் விட்டால் இருட்டு. அதனால் அத்தனை வருஷத்தில் அவர் ஒரு படத்தைக்கூடத் தொடர்ச்சியாகப் பார்த்ததில்லை. செல்லூர் திங்கட்கிழமை வகுப்பில் எங்களுக்குச் சொன்ன கதைகளை முந்தின ராத்திரி அப்பாவுக்குத்தான் முதலில் சொல்லியிருக்கிறாள். இதை அவள் எங்களிடம் சொன்னதே இல்லை. இருட்டில் கம்பம் என் கையைப் பிடித்தாள்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் நின்றுவிட்டது. படம் ஓடுகிறது, வாய் அசைகிறது, ஒலி இல்லை. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். விசில், கூச்சல், செல்போன் வெளிச்சம். அப்பா எழுந்தே விட்டார். எழுந்து நின்று பின்சுவரைப் பார்த்து, "ரூம்ல ஆள் இருக்கானா இல்லையா?" என்று கேட்டார். கோபமாக இல்லை, வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று பதறுகிற குரலில். செல்லூர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். பத்து நிமிஷம் கழித்துச் சத்தம் வந்தது. அதற்கப்புறம் அவர் படத்தில் மனசு வைத்த மாதிரி தெரியவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு வெளியே வந்தோம். நான் பார்க்காமல் விட்ட மதுரை அங்கே இருந்தது.

கடைகளில் வெளிச்சம். இட்லிக் குண்டானைத் திறந்ததும் ஆவி தெருவிளக்கு வரைக்கும் எழுந்தது. நாலு வகைச் சட்னியோடு இட்லியை இலையில் வைத்து நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் அப்போதுதான் வேலை முடித்தவர்கள். மூட்டை தூக்குபவர்கள், நர்ஸ் உடுப்பில் ரெண்டு பெண்கள், கையில் குழந்தையோடு வெளியூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய குடும்பம். கொத்து புரோட்டாத் தாளத்தை இருபது வருஷத்துக்கு அப்புறம் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். கல்லில் சூடு, சால்னா வாசனை, ரெண்டு கரண்டியும் மாறி மாறி விழும் வேகம். கம்பம் நேரே மாஸ்டருக்கு எதிரில் போய் நின்று, ஒரு தட்டு கொத்தி முடியும் வரைக்கும் நகரவில்லை.

மாசி வீதியில் நடந்தோம். வாழை இலைக் கட்டு ஏற்றிய சைக்கிள் ஒன்று, குட்டியானை வண்டியில் காய்கறி மூட்டை. ஒரு முக்கில் பருத்திப்பால்காரர். பருத்தி விதையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் கருப்பட்டி, சுக்கு, ஏலம். தொண்டையில் இறங்கும்போது சுக்கு மட்டும் தனியாகத் தெரிகிறது. சந்துகளின் முடிவில் கோபுர விளக்கு வந்துவந்து மறைந்தது. அப்பா பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து தினமும் இந்த நேரத்துக்குத்தான் வீடு திரும்புவார் என்பதால் அவருக்கு இது பழகிய தெரு. ரெண்டு கடைக்காரர்கள் அவரை அடையாளம் கண்டு, "என்னண்ணே, திரும்ப வேலைக்கா?" என்று கேட்டார்கள். "இல்லப்பா, பிள்ளைகளோட படத்துக்கு" என்றார். அந்தப் பன்மையை நான் இந்த ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறேன்.

ஏ.வி. பாலத்தின் மேல் நின்றபோது மணி ஒன்றரை. வைகையில் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர், அதில் கரை விளக்கு. விடுதிப் பக்கம் கை காட்டி, "இந்நேரம் வார்டன் டார்ச் அடிச்சிட்டு வருவாங்க" என்றாள் கம்பம். மூன்று பேரும் சத்தம் போட்டுச் சிரித்தோம். யாரும் எங்களை அதட்டவில்லை.

ஞாயிறு, இரவு, திரும்பும் ரயிலில்

காலையில் கீழக்குயில்குடி, சமணர் மலை. செல்லூரின் மகள்தான் வழிகாட்டி, ஒன்பதாம் வகுப்பு. தாமரைக் குளம், ஆலமர நிழல், அய்யனார் கோயில், அதன் பின்னால் பாறையில் வெட்டிய படிகள். வெயிலுக்கு முன்னால் ஏறிவிட்டோம்.

பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் சுனைக்கு மேல் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். தலைக்கு மேல் பாம்பு படம் விரித்த பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி. கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டவை. அதில் ஒன்றை அந்தப் பெண் விரலை வைக்காமல் காற்றில் தடவிப் படித்துக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் கூட்டிவந்தபோது மனப்பாடம் பண்ணியதாம். "அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி."

அச்சணந்தி பெரிய துறவி, இந்தப் பக்கத்து மலைகள் பலவற்றில் அவர் பேர் வெட்டியிருக்கிறது. இங்கே அவருடைய அம்மாவின் பேர்.

கம்பம் சுனை ஓரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினாள். "அம்மா போனப்ப நீங்க ரெண்டு பேரும் வரலைடி."

போன வருஷம். செல்லூர் மாமியாரோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் ஆபீஸில் லீவு கேட்கவே இல்லை, கேட்டால் கிடைக்காது என்று நானே முடிவு செய்துகொண்டு போனில் மட்டும் அழுதேன். அதைச் சொன்னேன். விடுதிக்கு அந்த அம்மா ஓலைக் கூடையில் பன்னீர் திராட்சை கொடுத்தனுப்புவார், கொத்து நசுங்காமல் நடுவில் வேப்பிலை வைத்து. கூடையில் மூன்று பங்கு பிரித்தே இருக்கும், உள்ளூர்க்காரிக்கும் சேர்த்து. அதையும் சொன்னேன். கம்பம் சமாதானம் ஆகிவிட்டாள் என்று எழுத முடியாது. "கருமாதிக்கு வந்திருந்தாக்கூடப் போதும்" என்றாள். அப்புறம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். இறங்கும்போது முட்டி வலிக்கிறது என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அடுத்த திதிக்குக் கம்பத்தில் இருப்பேன். தேதி குறித்துக்கொண்டேன்.

மத்தியானம் கறி தோசை. நன்றாகத் தூங்கினோம். நாலு மணிக்குக் கம்பத்தை ஆரப்பாளையத்தில் பஸ் ஏற்றினோம்.

ரயிலடிக்குச் செல்லூர் என்னோடு வந்தாள். அப்பாவை மத்தியானத்திலிருந்தே காணவில்லை, செல்போனையும் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். வண்டி கிளம்பக் கால் மணி நேரம் இருக்கும்போது பிளாட்பாரத்தில் வேகமாக வந்தார். தேய்த்த சட்டையில் முழங்கை வரைக்கும் கறுப்புத் தூசி.

"எங்கப்பா போன?"

"தியேட்டருக்கு." மூச்சு வாங்கினார். "ரூம்ல ஒரே ஒரு பையன்தான் தாயி. அவன்தான் டிக்கெட்டும் கிழிக்கிறான், மேல வந்து படமும் போட்டு விடுறான். நேத்து சத்தம் நின்னப்ப அவன் கீழ இருந்திருக்கான். ஆம்ப்ளிஃபயர் சூடாகி நின்னுருக்கு. ஃபேன் வலையில இம்புட்டுத் தூசி." உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். "கழட்டித் தொடச்சு மாட்டிக் குடுத்தேன். மேட்னி முடியிற வரைக்கும் அங்கதான் நின்னு பாத்தேன்."

"நின்னுச்சா?" என்று கேட்டேன்.

"ஒரு எடத்துல கூட நிக்கல."